பாஸ்போர்ட் சிவப்பு நிறமா? 16 வயசுல உங்களுக்கு ஒரு 'பட்டாள' வேலை இருக்கு!

கடலூர் ரோட்டில் சுண்ணாம்பாறு படகுத்துறையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் தவளக்குப்பம் ஜங்ஷன். ஒரு பக்கம் நல்லவாடு போகிற ரோடு, இன்னொரு பக்கம் அபிஷேகப்பாக்கம், சிங்கிரிகுடி போகிற ரோடு. போன மாதம் அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி ஒருத்தரோடு பேசிக்கொண்டிருந்தேன். கோடை லீவில் முதல்முறையாக பாரிஸுக்குப் போகிறார். மாமா வீடு அங்கே இருக்கிறது. டிக்கெட் போட்டாச்சு, ஸ்வெட்டர் வாங்கியாச்சு. ஒரே ஒரு பிரச்னை, அவருடைய ஆயா.

"இவன் பிரான்சு பாஸ்போர்ட்டு வெச்சிருக்கான். அங்க போனா பட்டாளத்துல புடிச்சிப்பாங்களாம். எங்க மாமனார அப்படித்தான் கப்பல் ஏத்துனாங்க" என்று ஆயா ஒற்றைக் காலில் நிற்கிறாராம். தம்பியோ, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. ஆர்மிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார்.

விசாரித்துப் பார்த்ததில், ஆயா சொல்வதும் முழுசாகச் சரியில்லை, தம்பி சொல்வதும் சரியில்லை. உங்களிடமோ உங்கள் ஃப்ரெண்டிடமோ வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால், இந்த விஷயத்தை 25 வயசுக்குள், முடிந்தால் 16-லேயே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு நாட்டில் இது ஒரு நாள் வேலை. இன்னொரு நாட்டில் இரண்டு வருஷம், தவறினால் ஜெயில்.

தவளக்குப்பத்தில் எப்படி பிரெஞ்சு பாஸ்போர்ட்?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மற்றவர்களுக்காகச் சின்ன ஃப்ளாஷ்பேக்.

1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு இங்கே இருந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு வாய்ப்பு தரப்பட்டது. 'எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்' என்று நினைப்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள்.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் கணிசமானோர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பங்களும். புதுச்சேரித் தமிழில் 'சொல்தா' என்போமே, அவர்கள்தான். இந்தோசீனா வரைக்கும் போய் வந்த சொல்தாக்களின் வீடுகள் புதுச்சேரி டவுனில் மட்டுமில்லை, சுற்றியிருக்கும் கிராமங்களிலும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். அதனால் பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காத பேரப்பிள்ளையும் பிரெஞ்சுக்காரர்தான். பிரான்ஸ் அரசின் கணக்கில் அவர் 'வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமகன்'.

ஆக, நம்ம தம்பி ரெண்டு தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தாலும், சட்டப்படி பார்த்தால் 'சொந்த நாட்டுக்கு' விசிட் அடிக்கப் போகிறார்!

ஆயா சொன்னது எதுவரைக்கும் உண்மை?

பிரான்ஸில் கட்டாய ராணுவ சேவை நிஜமாகவே இருந்தது. ஆண்பிள்ளைகள் குறிப்பிட்ட வயசில் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும். 1997 அக்டோபரில் வந்த சட்டம் அதை மாற்றியது. 1978 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கட்டாய சேவை கிடையாது. கடைசி பேட்ச் 2001-ல் வீடு திரும்பியது.

அதனால் இன்றைக்கு 16, 18 வயசுப் பிள்ளை பாரிஸ் ஏர்போர்ட்டில் இறங்கினால் யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆயா நிம்மதியாகத் தூங்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் கட்டாய சேவையை 'ரத்து' செய்யவில்லை, 'நிறுத்தி' வைத்திருக்கிறது. நாட்டுப் பாதுகாப்புக்குத் தேவை என்றால் புதுச் சட்டம் போட்டு மறுபடியும் கொண்டுவரலாம். அதற்காகத்தான் பிள்ளைகளின் பெயர்ப் பதிவை மட்டும் பிரான்ஸ் விடவே இல்லை. தம்பிக்குத் தெரியாமல் போனது இதுதான்.

16 வயசு: முதல் பேப்பர்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒவ்வொருவரும் 16 வயது முடிந்த 3 மாதத்துக்குள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு 'ரசான்ஸ்மான்' என்று பெயர். பையன், பொண்ணு இருவருக்கும் பொருந்தும். "இது பசங்க மேட்டர்" என்று தங்கச்சிகள் நழுவ முடியாது.

பிரான்ஸில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். இங்கே இருப்பவர்களுக்குப் புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற பிரெஞ்சு கான்சுலேட். பிரெஞ்சு அடையாள ஆவணம், 'லிவ்ரே' என்று வீட்டில் சொல்கிற குடும்பப் பதிவேடு ஆகியவை வேண்டியிருக்கும். பதிவு செய்தால் ஒரு சான்று கொடுப்பார்கள். அதை வாங்கிய அன்றைக்கே ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் போனால் அவ்வளவுதான்!

3 மாதம் தாண்டிவிட்டதா? பதற்றம் வேண்டாம். 25 வயது வரைக்கும் தாமதமாகவும் பதிவு செய்யலாம். 16-க்கும் 25-க்கும் நடுவில் புதிதாகப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்குபவர்களுக்கும் இந்தப் பதிவு உண்டு.

அடுத்தது: அந்த ஒரு நாள்

பெயர் பதிவு செய்தவர்களை ஒரு நாளைக்குக் கூப்பிடுவார்கள். 'பாதுகாப்பு மற்றும் குடியுரிமை நாள்'. பிரெஞ்சில் சுருக்கமாக ஜே.டி.சி. துப்பாக்கி தூக்கி ஓட விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். நாட்டின் பாதுகாப்பு எப்படி இயங்குகிறது, ராணுவத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று விளக்குவார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிகிறதா என்று ஒரு சின்ன டெஸ்ட்டும் உண்டு. முடிவில் கையில் ஒரு சான்றிதழ்.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு அந்தந்த கான்சுலேட் இதை நடத்தும். நடத்த முடியாத இடங்களில் தற்காலிகச் சான்று தருவார்கள். அப்படித் தற்காலிகச் சான்று வாங்கியவர் 25 வயசுக்குள் பிரான்ஸில் போய் செட்டில் ஆனால், அங்கே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

போகலைன்னா என்ன ஆகும்?

போலீஸ் வராது. ஆனால் வாழ்க்கையில் முக்கியமான ஒரு வரிசையில் நிற்கும்போது கதவு மூடும். பிரான்ஸில் அரசு மேற்பார்வையில் நடக்கும் தேர்வுகளுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் 25 வயசுக்குள் விண்ணப்பித்தால், இந்தக் கடமையை முடித்திருக்க வேண்டும். 'அங்கே போய் படிச்சு, கவர்ன்மென்ட் வேலைக்கு எழுதலாம்' என்று பிளான் போடும் பிள்ளைகள் முதல் மாதமே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

16-ல் பதிவு செய்தால் இன்னொரு வசதியும் உண்டு. 18 வயது ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறும். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்களே, அந்த வரிசையில் நீங்களும் நிற்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி, ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, நடுவில் பிரெஞ்சுக் குடிமக்களாக நடந்துகொண்டதற்கான அடையாளமே இல்லை என்றால், 'என் தாத்தா பிரெஞ்சுக்காரர்' என்று சொல்லிக் குடியுரிமையை நிரூபிக்க முடியாமல் போகலாம். பாஸ்போர்ட், கான்சுலேட் பதிவு, வாக்காளர் அட்டை, தேசிய சேவைக் கடமையை முடித்ததற்கான சான்று எல்லாம் அந்த அடையாளங்களில் சேரும். தாத்தா 1962-ல் போட்ட கையெழுத்து உங்கள் பிள்ளை வரைக்கும் செல்லுபடியாக வேண்டும் என்றால், நடுவில் நீங்கள் சும்மா இருக்கக்கூடாது.

புதுசா ஒரு ராணுவ சேவை வருதாமே?

ஆமாம், ரீல்ஸில் பாதி தகவலோடு சுற்றுகிறது. முழுத் தகவல் இதுதான். 2025 நவம்பர் 27-ம் தேதி பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஒரு புதிய தேசிய சேவையை அறிவித்தார். 10 மாதம். பெரும்பாலும் 18, 19 வயதுக்காரர்களுக்கு. முதல் வருஷம் 2026-ல் 3,000 பேர், 2035-க்குள் 50,000 பேர் என்பது இலக்கு. பிரெஞ்சு மண்ணில் மட்டும்தான் பணி. சம்பளமும் உண்டு. முக்கியமாக, விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். யாருக்கும் கட்டாயம் இல்லை.

"சூப்பர், சேர்ந்துடலாமே" என்று தோன்றுகிறதா? தாராளமாக யோசியுங்கள். ஆனால் புதுச்சேரிப் பிள்ளைகள் ஒரு விஷயத்தைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஓ.சி.ஐ கார்டு!

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு விசா தொல்லை இல்லாமல் இங்கே வந்து போக, தங்க, நம்மவர்கள் நம்பியிருப்பது ஓ.சி.ஐ கார்டைத்தான். அதன் விதியில், வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஓ.சி.ஐ பெறத் தகுதியற்றவர்கள் என்று இருக்கிறது. இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவை செய்த இந்திய வம்சாவளியினருக்கு இதே விதி தலைவலியானது. 2017 ஜூலையில் டெல் அவிவ் போன பிரதமர் மோடி, கட்டாய சேவை செய்தவர்களுக்கும் ஓ.சி.ஐ கிடைக்கும் என்று அறிவித்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

அந்தச் சலுகை 'கட்டாயத்தின் பேரில்' போனவர்களுக்கு. நீங்களே ஆசைப்பட்டுச் சேர்வது வேறு கணக்கு. ஜே.டி.சி-க்கு இந்தப் பயம் வேண்டாம். அது ஒரு நாள் வகுப்பு, யாரும் ராணுவத்தில் சேர்வதில்லை. ஆனால் 10 மாதச் சேவைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தியத் தூதரகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயாவைப் பார்க்க வருகிற வழியில் அது வந்து நிற்கக்கூடாது இல்லையா?

அப்புறம், "இந்தியாவிலேயே இருக்கேன், அக்னிவீர் ஆகலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கிறவரை முடியாது. இந்தியாவில் கட்டாய ராணுவ சேவையும் கிடையாது.

சிங்கப்பூர்: இது ஒரு நாள் வேலை இல்லை!

பாகூர், கடலூர், காரைக்கால் பக்கம் சிங்கப்பூருக்கு ஆள் போகாத தெரு குறைவு. அதனால் சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள பசங்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது வேறு.

ஒரு பையன் சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போவதால் 5 வயதில் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இங்கேயே ஸ்கூல், இங்கேயே காலேஜ். 20 வயதில் 'அம்மாவைப் பார்த்துட்டு வரலாம்' என்று சிங்கப்பூர் கிளம்புகிறான். 5 வயதுக்குப் பிறகு அவன் அங்கே வாழ்ந்ததே இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் 2 வருஷமாக ராணுவ சேவைக்கு வராமல் ஏமாற்றியவன். குடிநுழைவு கவுன்ட்டரிலேயே கைதாகலாம்.

சிங்கப்பூரில் 1967-லிருந்து தேசிய சேவை கட்டாயம். ஆண்கள் பதினாறரை வயதில் பதிவு செய்ய வேண்டும். 18-ல் சேர்ந்து 2 வருஷம் முழுநேரப் பணி. குடிமகன்களுக்கு மட்டும் இல்லை, பி.ஆர் வைத்திருக்கும் பையன்களுக்கும்தான். வேலைக்குப் போய் பி.ஆர் வாங்கிய அப்பாவுக்கு விலக்கு உண்டு. அவர் மூலமாக பி.ஆர் வாங்கிய மகனுக்கு விலக்கு இல்லை. சேவை செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

13 வயசுக்கு மேல் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க 'எக்ஸிட் பெர்மிட்' வாங்க வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். 75,000 சிங்கப்பூர் டாலர், அல்லது பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் பாதி. இரண்டில் எது அதிகமோ அது.

மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பு அபராதத்தின் உச்சவரம்பு 5,000 டாலராக இருந்தது. சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய்விட்ட பியானோ கலைஞர் மெல்வின் டான் 2005-ல் திரும்பி வந்தபோது அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். 'பிரபலம் என்றால் ஒரு நியாயமா?' என்று ஊரே கொந்தளிக்க, 2006-ல் தண்டனையைக் கூட்டினார்கள். 2017 ஜூலையில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு அளவுகோலே போட்டுவிட்டது. 2 முதல் 6 வருஷம் வரை தவிர்த்தவருக்கு 2 முதல் 4 மாதம் ஜெயில். 17 வருஷத்துக்கு மேல் போனால் 24 முதல் 36 மாதம்.

"குடியுரிமையே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டா?" என்று கேட்பீர்கள். 21 வயதுக்கு முன்னால் பொதுவாக முடியாது. மிகச் சின்ன வயதில் வெளியேறி, அந்த நாட்டின் சலுகைகளைப் பெரிதாக அனுபவிக்காதவர்களுக்கு மட்டும் 21-ல் குடியுரிமையைத் துறக்க அனுமதி கிடைக்கலாம். அதுவரை எக்ஸிட் பெர்மிட் ஒழுங்காக இருக்க வேண்டும். எனவே, அந்த வீட்டுப் பெரியவர்கள் யோசிக்க வேண்டிய வயசு 18 இல்லை, 13.

மற்ற நாடுகளில்?

நாட்டுக்கு நாடு விதி மாறும். தென்கொரியாவில் பிறப்பிலேயே இரண்டு குடியுரிமை உள்ள பையன், 18 வயது ஆகும் வருஷத்தின் மார்ச் 31-க்குள் முடிவெடுக்க வேண்டும். தவறினால் ராணுவக் கடமை ஒட்டிக்கொள்ளும். கிரேக்கக் குடிமகன் ஒருவர் நிரந்தரமாக வெளிநாட்டில் வாழ்ந்தால், வருஷத்துக்கு 6 மாதம் வரை பயமில்லாமல் ஊருக்கு வந்து தங்கலாம். அதைத் தாண்டினால் அழைப்பு வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள், என்ன மொழி பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கையில் இருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்றுதான் பார்க்கிறார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு செக்லிஸ்ட்

* உங்கள் குடியுரிமை எது, எப்படி வந்தது என்று அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். பாஸ்போர்ட் வேறு, பி.ஆர் வேறு, ஓ.சி.ஐ வேறு.

* பிரெஞ்சுக் குடிமகன், குடிமகள் என்றால் 16-வது பிறந்தநாளுக்கே போனில் ரிமைண்டர் போடுங்கள். அதிலிருந்து 3 மாதம்.

* கான்சுலேட்டில் உங்கள் முகவரி, போன் நம்பர், மெயில் பழசாக இருந்தால் மாற்றுங்கள். ஜே.டி.சி அழைப்பு பழைய வீட்டுக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

* சிங்கப்பூர்க் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள பையன் என்றால், எக்ஸிட் பெர்மிட் நிலவரம் தெரியாமல் அங்கே விமானம் ஏறாதீர்கள். ஏற்கெனவே தவறியிருந்தால், முதலில் அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

* 'எங்க சித்தப்பா பையன் சும்மா போயிட்டு வந்தான்' என்பது ஆதாரம் இல்லை. விதி மாறியிருக்கலாம். அந்தந்த நாட்டு அரசுத் தளத்திலோ தூதரகத்திலோ உறுதிப்படுத்துங்கள்.

நம்ம தவளக்குப்பம் தம்பிக்கு 16 முடிந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரமே அம்மாவோடு கான்சுலேட் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். சான்றைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் நோட். பின்னணியில் ஆயாவின் குரல் கேட்கிறது.

"என்னடா, பட்டாளத்துல பேர் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன் ஆயா. ஒரே ஒரு நாளைக்கு வரச் சொல்லுவாங்களாம்."

"ஒரு நாளா? சோறு போடுவாங்களாடா?"